பேனருக்குப் பத்தாத புள்ளி

தை 4, ஞாயிறு

பொங்கல் முடிந்து முறுக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. முதல் பக்கத்தில் நல்லதை எழுத வேண்டும் என்பதால் என் பேரப்பிள்ளைகளை வரிசையாக எழுதுகிறேன்.

மூத்த மகள் வீட்டுப் பிரகதீஷ், ஓசூரில் மோட்டார் கம்பெனியில் இன்ஜினியர். அவனுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. அவன் தம்பி அகிலன் கோயமுத்தூரில் வக்கீலுக்குப் படிக்கிறான்; பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை என் அலமாரியில்தான் இருக்கிறது. சின்ன மகள் வீட்டுத் தாரணி சிலம்பத்தில் மாவட்டத்திலேயே இரண்டாம் இடம். முதல் இடம் வாங்கிய பிள்ளை நடுவருக்குச் சொந்தம் என்று கேள்வி.

எல்லோருக்கும் மேலே என் மகன் செங்கோட்டுவேலின் ஒரே மகள் மேகலா. வானத்து நட்சத்திரக் கூட்டங்களைப் படித்து முனைவர் ஆகிவிட்டாள். வாய்த்தேர்வு ஒன்று மாசியில் பாக்கி, அது சும்மா சடங்குக்கு. அது முடிந்ததும் சிலி என்ற நாட்டில் மலை மேல் தொலைநோக்கி வைத்திருக்கும் இடத்தில் வேலை.

இத்தனை பேருடைய போட்டோவும் கூடத்துச் சுவரில் ஆளுக்கொரு ஆணியில் தொங்குகிறது. எதிர் வீட்டு நாச்சாயி, என் கொழுந்தனார் பெண்டாட்டி, உள்ளே வந்தால் அந்தச் சுவரைப் பார்க்காத மாதிரி உட்காருவாள். அவள் பேரன் நவீன் டாக்டராகி ஆவணியில் பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தார்கள். வெயிலில் அவன் முகம் நீலம் பாரித்துப் போயிற்று. இன்னும் எடுக்கவில்லை.

தை 5, திங்கள்

மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். மேகலா காப்பிக்குக் கீழே வந்தாள். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று மாடி அறையைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் தலை தெரியும்.

"நீ என்னதான் கண்டுபுடிச்சே, நாலு பேரு கேட்டா சொல்லோணுமல்ல" என்றேன்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினாள். பெரிய வெள்ளைத் தீற்றல் ஒன்று. அதன் ஓரமாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"கேலக்ஸிக கூட்டமா இருக்கற எடத்துல இந்த மாதிரி குட்டிக நெறைய இருக்குதுங்க அப்பத்தா. கேலக்ஸியை விட ரொம்பச் சின்னது. ஆனா உள்ள நட்சத்திரம் நெருக்கியடிச்சுட்டு இருக்கும். இதுக எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கறதுதான் என்ற வேலை."

"எங்கிருந்து வந்துச்சு?"

"ரெண்டு கட்சி இருக்குது. பொறந்ததே இப்படித்தான், பெரிய நட்சத்திரக் கொத்துன்னு சொல்றவங்க ஒரு கட்சி. இல்ல, இது தனியா ஒரு கேலக்ஸியா இருந்துச்சு, நடுவுல இருக்கற பெருசுகிட்ட நெருங்கி வந்து மாட்டிக்கிச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் பெருசு இதோட வெளிப்பக்கத்தை இழுத்து உரிச்சுட்டே இருந்துச்சு, இப்ப நடுக்கொட்டை மட்டும்தான் மிச்சம்ங்கறவங்க இன்னொரு கட்சி."

"நீ எந்தக் கட்சி?"

"ரெண்டு வகையும் இருக்குது. ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பாத்துத்தான் சொல்லோணும். நடுவுல கனமான கருந்துளை இருந்தா அது ஒரு காலத்துல பெருசா இருந்ததுன்னு அர்த்தம். பொறப்புலயே குட்டியா இருந்தா அத்தனை கனம் இருக்காது."

"சரி, இந்தப் புள்ளியை நீதானே மொதல்ல பாத்தே?"

"இல்லீங்க. எனக்கு முன்னாடியே வேற ஆளுங்க பாத்துட்டாங்க. எங்கிருந்து வந்துச்சுன்னுதான் நான் பாக்கறேன்."

இரண்டு பக்கமும் நியாயம் என்கிற பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி பேசுகிறாள். இதை வைத்துக்கொண்டு ஊரில் என்னவென்று சொல்வது. மொச்சையில் பாதி பூச்சி.

தை 8, வியாழன்

பால் சொசைட்டியில் நாச்சாயி கேனை வைத்துவிட்டு, ஆட்கள் சேரட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

"ஏனுங்க்கா, உங்க பேத்தி இன்னும் படிச்சுட்டேதான் இருக்கறாளா?"

"படிச்சு முடிச்சுட்டா. அவளும் டாக்டர்தான்."

"ஊசி போடுவாளா?"

சொசைட்டிக்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். "எங்க நவீன் கையை வெச்சா காச்ச போவுது. உங்க புள்ளை நட்சத்திரத்தைப் பாத்தா என்ன போவுது?" என்று சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மேகலாவின் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றினேன். கல்லூரியில் கறுப்பு அங்கி போட்டு எடுத்தது. பையில் வைத்துக்கொண்டு பேனர் அடிக்கும் குமரவேலின் கடைக்குப் போனேன். நவீன் பேனரை விட அகலத்தில் ஒரு முழமாவது கூட இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வார்த்தைகளை அவனே போட்டுக்கொள்வான்.

தை 11, ஞாயிறு

விடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் பேனர் நின்றது. என் கண்ணே பட்டுவிடும். நடுவில் மேகலா. அவளுக்குப் பின்னால் சங்குச் சுருள் மாதிரி சுழலும் பெரிய கேலக்ஸி. புள்ளியைப் போட்டால் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள் என்று குமரவேல் வேறு படம் தேடிப் போட்டிருந்தான். மேலே பெரிய எழுத்தில் "முனைவர்", அதற்கடுத்து சின்னதாக "செ. மேகலா". கீழே "உலகிலேயே முதன்முறையாகப் புதிய கேலக்ஸியைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டு விண்மணியே". அதற்கும் கீழே மாமன், மச்சான், பங்காளி எல்லோரும் வட்ட வட்டமாக. அடியில் நடுவாக நான்.

நாச்சாயி பஸ்ஸுக்கு வந்தவள் இரண்டு முறை படித்தாள். இரண்டாம் முறை உதட்டை அசைத்துப் படித்தாள். வயிறு குளிர்ந்தது.

திருச்செங்கோடு போய்விட்டு மதியம் பஸ்ஸில் இறங்கிய மேகலா அதன் அடியிலேயே நின்றுவிட்டாளாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"யாரு வெச்சது?"

என் மருமகள் வசந்தாமணி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். பார்வையிலேயே காட்டிக்கொடுக்கிற புத்தி அவளுக்குக் கல்யாணமான அன்றிலிருந்தே உண்டு.

"பட்டம் வாங்காம முனைவர்னு போடக் கூடாதுங்க அப்பத்தா. கண்டுபுடிச்சதும் நானில்ல. உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"ஒரு மாசம் முன்னப் பின்ன. இதுக்குப் போயி."

தாயும் மகளுமாக மர ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேனரை இறக்கினார்கள். பஸ் நின்று, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாராம். என் முகத்தின் மேல் மேகலா கால் வைத்துத்தான் கட்டை அவிழ்த்தாள் என்று நாச்சாயி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தை 12, திங்கள்

வசந்தாமணி வைத்த ரசத்தில் உப்பு இல்லை. வேண்டுமென்றே செய்தது.

தை 15, வியாழன்

பேனர் அரை நாள்தான் நின்றது, அதற்குள் நவீன் அதைப் படம் பிடித்து, "எங்கள் ஊரின் பெருமை, என் அக்கா" என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். பாசமாகத்தான் போட்டான் என்கிறாள் வசந்தாமணி. நாச்சாயி வயிற்றுப் பேரனுக்குப் பாசம் எங்கிருந்து வரும்.

அந்தப் படம் சுற்றிச் சுற்றி மேகலா படிக்கும் இடத்துக்குப் போய்விட்டது. பட்டம் வாங்கும் முன்பே பட்டம் போட்டுக்கொண்டாள், அடுத்தவர் கண்டதைத் தான் கண்டதாக விளம்பரம் செய்துகொண்டாள் என்று கூடப் படிக்கும் யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒரு கமிட்டி போட்டு விசாரித்து முடிக்கும் வரை வாய்த்தேர்வு இல்லையாம். மாசிக்குள் தேர்வு முடியாவிட்டால் சிலி வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மேகலா இதைச் சொல்லும்போது அழவில்லை. சட்னியைத் தொட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அதுதான் பிடிக்கவில்லை.

சிலி இல்லாவிட்டால் என்ன, நாமக்கல்லில் கல்லூரியே இல்லையா என்று ஆறுதலாகத்தான் கேட்டேன். தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

தை 18, ஞாயிறு

ராஜஸ்தானில் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு இருக்கும் என் மகன் போனில் கத்தினான். "அம்மா, நீதான் வெச்சேன்னு அந்தக் கமிட்டிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லீரு. வேலை முடிஞ்சுது."

அந்நியர்கள் முன்னால் நான் பொய் எழுதினேன் என்று நான் சொல்ல வேண்டுமாம். ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் அந்தக் காலத்து ஐந்தாவது. முனைவர் என்று போட்டது குமரவேல் என்றேன்.

வசந்தாமணி குமரவேலையே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். மேகலாவின் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வந்தான்.

"நீங்கதானுங்கம்மா சொன்னீங்க. முனைவர்ங்கறது பேரை விடப் பெருசா இருக்கோணும்னீங்க. நான் போதுங்கன்னதுக்கு, பஸ்ஸுல போறவன் கண்ணுக்குத் தெரியோணும்னீங்க. கண்டுபுடிச்சதையும் நீங்க சொல்லச் சொல்லத்தானே டைப் பண்ணேன்."

குமரவேலுக்கு ஞாபகசக்தி சரியில்லை. அவன் அப்பனும் அப்படித்தான்.

போட்டோவை மேகலா வாங்கிக்கொண்டாள். ஆணியில் மாட்டவில்லை. மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

தை 19, திங்கள்

சுவரில் ஒரு ஆணி சும்மா இருக்கிறது. நாச்சாயி வந்து உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

தை 22, வியாழன்

முருங்கைக் கீரை ஆய்ந்தேன். மேகலா தண்ணீர் குடிக்க வந்தாள். இத்தனை நாள் கழித்து நானாகத்தான் பேசினேன். என் நிலையில் இருப்பவர்கள் இறங்கி வந்து பேச மாட்டார்கள்.

"உன்ற தாத்தா போனப்புறம் ரெண்டு ஏக்கரை வித்து உன்னைப் படிக்க வெச்சதே நான்தான். ஒரு பேனர் வைக்கக் கூடவா எனக்குப் பாத்தியம் இல்ல?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "பேனர்ல யாரு படிச்சதுங்க அப்பத்தா? நான் பன்னண்டாவதுல வாங்குன மார்க்கு சொசைட்டிச் சுவத்துல. நான் காலேஜ் சேந்தது கோயில் மைக்குல. இங்க வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட இருந்து எதையாவது பிச்சு ஊருக்குக் காட்டிருவீங்க. உள்ள என்ன இருக்குதுன்னு ஒரு தடவை கேட்டிருப்பீங்களா?"

"அன்னிக்கு மொச்சை உரிக்கும்போது கேட்டேனல்ல?"

"கேட்டீங்க. கேட்டுட்டு என்ன எழுதுனீங்க?"

கீரையில் காம்பு அதிகம். அடுத்த முறை வேறு மரத்தில் பறிக்க வேண்டும்.

தை 25, ஞாயிறு

கமிட்டிக்காரர்கள் நாளைக்கு லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்களாம். யார் வைத்தது என்று கேட்பார்கள். "ஒரு உறவினர்" என்று மேகலா எழுதியது போதாதாம், அந்த உறவினரே வந்து சொல்ல வேண்டுமாம். வசந்தாமணி காலையில் கேட்டாள், மதியம் கேட்டாள். "அத்தை, எத்தனையோ பேசறீங்க. இந்த ஒரு வார்த்தையைப் பேசுங்க." முடியாது என்றேன். உப்பில்லாத ரசத்தை ஊற்றுகிறவளுக்கு நான் ஏன் பேச வேண்டும்.

வெயில் தாழ நாச்சாயி வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். தின்பண்டம் கூட இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்தவள், மேகலா இருக்கும்போதே சொன்னாள்.

"நான் வெச்சேன்னு சொல்லிப்போடறேங்க்கா."

"என்னது?"

"பேனரைத்தான். சின்ன அப்பத்தா பொறாமையில மாட்டி விட்டுட்டான்னு எழுதிக்கட்டும். எனக்கென்ன, ஊர்ல எப்படியும் என்னை அப்படித்தான் பேசறீங்க. உங்களுக்கு மானம் பெருசு. எனக்கு அந்தப் புள்ளை பெருசு."

மேகலா அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவள் பிறந்து இருபத்தெட்டு வருஷத்தில் என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் கண்ணு? பேசறதுக்கு இந்தச் சேலை நல்லாருக்குமா?" என்றாள் நாச்சாயி.

சமாளித்து எழுந்து நின்றேன். "அதெல்லாம் நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம். என் பேத்திக்கு நான் வெச்ச பேனரு. அதுல உன்ற படம் ரெண்டாவது வரிசையில, காதளவு வட்டத்துல கெடந்துது. நீ வெச்சேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

நாச்சாயி சிரித்துக்கொண்டே போனாள். எதற்குச் சிரித்தாள் என்று இன்னும் விளங்கவில்லை. நடந்தது எதுவும் அவள் நினைத்த மாதிரி நடந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு படுக்கிறேன்.

தை 26, திங்கள்

மயில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டேன். மேகலா லேப்டாப்பை என் முன்னால் வைத்துவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் அரிசி டிரம் பக்கம் போய் நின்றாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று பேர். அதில் முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா தமிழில் கேட்டார்.

"பேனரை வெச்சது யாரும்மா?"

"நான்தான்."

"முனைவர்னு போட்டது?"

"அதுவும் நான்தான்." பிறகு கேள்விக்குக் காத்திருக்காமல் சொல்லிவிட்டேன். "அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் ஏணி வெச்சு அவளே எறக்கிட்டா. என்ற மூஞ்சி மேல கால வெச்சு எறக்குனா. பஸ் டிரைவரைக் கேளுங்க."

"புது கேலக்ஸியைக் கண்டுபிடிச்சேன்னு அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொல்லலீங்க. நீதானே மொதல்ல பாத்தேன்னு நான் வாயைப் புடுங்கிக் கேட்டேன். எனக்கு முன்னாடியே வேற ஆளுங்க பாத்துட்டாங்க, எங்கிருந்து வந்துச்சுன்னுதான் பாக்கறேன்னா. ரெண்டு வகையும் இருக்குது, ஒவ்வொண்ணாத்தான் பாக்கோணும்னா. அது பேனருக்குப் பத்தாதுங்க. அதான் நானே போட்டுக்கிட்டேன்."

மூன்று பேரில் ஒருவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வருத்தப்படறீங்களா?"

"எதுக்குங்க? தேர்வை வெய்யுங்க. பட்டத்தைக் குடுங்க. குடுத்தா அதே எழுத்துல மறுபடியும் வெப்பேன்."

அரிசி டிரம் பக்கமிருந்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ரசத்தில் இன்று உப்பு சரியாக இருந்தது. ஒரு நாளைக்குத்தான் இருக்கும்.

மாசி 3, ஞாயிறு

விசாரணை முடிந்ததாம். தேர்வுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மேகலா கிளம்பிப் போனாள். என்னிடம் "வர்றேங்க" என்றாள். "அப்பத்தா" என்ற சொல் அதில் இல்லை.

மாசி 14, வியாழன்

தேறிவிட்டாள். வசந்தாமணிதான் சொன்னாள். போன் அவளுக்குத்தான் வந்தது.

மாசி 24, ஞாயிறு

சிலிக்குப் போகும் முன் இரண்டு நாள் வந்திருந்தாள். இன்று காலை கார் வந்தது. நாச்சாயி எள்ளுருண்டை கட்டிக் கொடுத்தாள். அதைக் கைப்பையிலும், நான் கொடுத்த முறுக்கைப் பெட்டியிலும் வைத்தாள். இரண்டையும் நான் பார்த்தேன்.

கார்க் கதவு வரை போய்க் கேட்டேன். "அந்த வட்டம் போட்ட புள்ளி, எந்த வகைன்னு ஆச்சு?"

ஏறப் போனவள் காலைக் கீழே வைத்தாள். "உரிச்சதுதானுங்க. நடுவுல கருந்துளை இருக்குது. தேர்வுல அதைத்தான் ரொம்ப நேரம் கேட்டாங்க."

"அந்தப் பெருசு முழுசா முழுங்கலையா?"

"முடியலை. நடு ரொம்பக் கெட்டி."

"பெருசுக்குத் தெரியுமா, தான் உரிச்சுட்டு இருக்கறது?"

"அதுக்கு என்ன தெரியும். அதோட கனத்துக்கு அது இழுக்குது." டிரைவர் ஹாரன் அடித்தான். "இதை நீங்க மொதல்லயே கேட்டிருக்கலாம், அப்பத்தா."

தெரு முனையில் கார் திரும்பும் வரை நின்றேன். கண்ணில் தூசி. ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஞ்சாயத்தில் கேட்பாரில்லை.

பங்குனி 8, ஞாயிறு

பால் சொசைட்டியில் நாச்சாயி கேட்டாள். "இப்பத்தான் நெசமாவே முனைவராயிட்டாளே, பேனரு எப்பங்க்கா?" குமரவேலும் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டான். இந்த முறை புள்ளியையே போட்டுத் தருகிறானாம். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நாச்சாயியிடம் மட்டும் போட்டோ இல்லை என்றேன்.

அது உண்மைதான். அங்கி போட்ட போட்டோவை மேகலா சிலிக்கே கொண்டுபோய்விட்டாள். மாடியில் தேடிப் பார்த்தாயிற்று. வசந்தாமணியின் போனில் தினமும் படம் வருகிறது. விரலை வைத்தால் ஓடிவிடுகிறது, சுவரில் மாட்ட முடியாது.

இதிலிருந்து கீழே எழுதுவதை மட்டும் படம் பிடித்து அனுப்புவதாக வசந்தாமணி ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

மேகலா, சட்டம் வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணாடி துடைத்தாயிற்று. நீ அந்தத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி எடுத்தாலும் சரி, சும்மா எடுத்தாலும் சரி. பேர் எழுத வேண்டாம், பேருக்கு முன்னாலும் எதுவும் எழுத வேண்டாம். அந்தப் புள்ளி படம் சின்னதாக ஒன்று இருந்தால் சேர்த்து வை, வட்டம் போட்டு, இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது. புதுப் போட்டோவாக அச்சுப் போட்டு, அட்டை வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்பு. பேனருக்கு இல்லை. ஆணிக்கு.